விருதுப் பட்டியல் படங்களும் பழைய சின்னத் தியேட்டரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விருது சீசன் தொடங்கிவிட்டால் என்னிடம் வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். எந்தப் படத்தைப் பார்ப்பது என்று சிலர் கேட்பார்கள். அதை மல்டிபிளெக்ஸில் பார்க்காமல், இன்னும் மூடாமல் இருக்கிற ஒரு பழைய ஒற்றைத் திரைத் தியேட்டரில் பார்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கும். விருது என்று நான் பொதுவாகச் சொல்லும் இடங்களில் ஆஸ்கரைத்தான் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்கர் லிஸ்ட்ல இருக்குன்னு போஸ்டர்ல போட்டிருக்கு. அப்படின்னா விருது வாங்கின படம்தானே?

இல்லை, கடைசிச் சுற்று வரை வந்த படம், அவ்வளவுதான். ஆஸ்கரை வழங்கும் அகாடமி என்ற திரைத்துறை அமைப்பில், நடிகர்களை நடிகர்களும் ஒளிப்பதிவை ஒளிப்பதிவாளர்களும் என்று அந்தந்தத் துறை உறுப்பினர்கள்தான் முதலில் பெயர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சிறந்த படம் என்ற பிரிவுக்கு எல்லாத் துறையினரும் பரிந்துரைக்கலாம். பெரும்பாலான பிரிவுகளில் ஐந்து இடம், சிறந்த படத்துக்குப் பத்து. இந்தப் பத்து என்ற எண் 2021ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து நிலையாகிவிட்டது. அதற்கு முன் சில ஆண்டுகள் ஐந்துக்கும் பத்துக்கும் நடுவே மாறிக்கொண்டிருந்தது, அதற்கும் முன் பல பத்தாண்டுகள் ஐந்தாகவே இருந்தது.

போஸ்டரைப் படிக்கும்போது, விருதின் பெயரைச் சுற்றி வரைந்திருக்கும் இலைக்கொத்துக்கு நடுவில் இருக்கும் சின்ன எழுத்தையும் படியுங்கள். சர்வதேசப் படப் பிரிவுக்கு ஒவ்வொரு நாடும் ஆண்டுக்கு ஒரு படத்தை அனுப்பலாம். அப்படி அனுப்பப்பட்டதையே "ஆஸ்கர் படம்" என்று விளம்பரம் செய்வார்கள். அனுப்பப்பட்டவற்றிலிருந்து 15 படங்கள் அடுத்த கட்டத்துக்குப் போகும், அதிலிருந்து ஐந்து பரிந்துரைக்கப்படும். மூன்றும் வேறு வேறு நிலை. ஆனால் போஸ்டரில் மூன்றுக்கும் ஒரே இலைக்கொத்துதான்.

பத்து படத்தையும் பார்த்தே ஆகணுமா?

வேண்டாம். பத்தையும் முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தவர்கள் ஏழாவது படத்தில் கைப்பேசியை எடுத்துவிடுவதைத்தான் பார்க்கிறேன். பட்டியலை ஒரு சிபாரிசாக எடுத்துக்கொண்டு, அதில் எதைத் தியேட்டரில் பார்க்க வேண்டும் என்று மட்டும் முடிவு செய்யுங்கள்.

எனக்கு உதவும் வழி ஒன்று உண்டு. சிறந்த படம் என்ற பகுதியை விட்டுவிட்டு ஒளிப்பதிவு, ஒலி ஆகிய இரண்டு பிரிவுகளை முதலில் பார்ப்பேன். அவற்றில் இருக்கும் படம் தியேட்டருக்கு. அப்புறம் திரைக்கதைப் பிரிவு. அதில் நகைச்சுவை இருந்தால் அதுவும் தியேட்டருக்குத்தான், ஏனென்றால் சின்ன அரங்கில் நாலு வரிசை சேர்ந்து சிரிப்பது வீட்டில் கிடைக்காது. வேறு எந்தப் பிரிவிலும் இல்லாமல் நடிப்புக்கு மட்டும் வந்த படத்தை வசதிப்பட்ட இடத்தில் பார்க்கலாம்.

ஓட்டுப் போடுறவங்க எல்லாப் படத்தையும் பார்த்துட்டுத்தான் போடுறாங்களா?

நீண்ட காலம் அது அவரவர் மனசாட்சியைப் பொறுத்ததாகத்தான் இருந்தது. 2026 விழாவுக்கான விதிகளில் இது மாறியது: இறுதிச் சுற்றில் ஒரு பிரிவுக்கு ஓட்டுப் போட வேண்டுமானால் அந்தப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட எல்லாப் படங்களையும் பார்த்திருக்க வேண்டும். உறுப்பினர்களுக்கென்று தனி ஸ்ட்ரீமிங் தளம் இருக்கிறது. அங்கே பார்த்தால் பதிவாகிவிடும். தியேட்டரிலோ விழாவிலோ பார்த்திருந்தால் எங்கே, எப்போது என்று படிவத்தில் எழுதித் தர வேண்டும்.

உறுப்பினர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். பொய் எழுதித் தரமாட்டார்களா என்று கேட்காதீர்கள், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கான்ல விருது வாங்கின படமும் ஆஸ்கர் படமும் ஒரே ரகம்தானே?

தேர்வு முறையே வேறு. பிரான்சில் நடக்கும் கான் திரைப்பட விழாவில் ஏறக்குறைய இருபது படங்களைப் போட்டிக்கு எடுப்பார்கள். சில பேர் மட்டும் கொண்ட ஒரு நடுவர் குழு சில நாட்கள் கூடவே உட்கார்ந்து பார்த்து, பேசி, முடிவு செய்யும். ஆஸ்கரில் பேச்சே கிடையாது, ஆயிரக்கணக்கானோர் போடும் ஓட்டுதான். அதனால் கான் தேர்வில் பிடிவாதமான ரசனை தெரியும், ஆஸ்கர் தேர்வில் பொது உடன்பாடு தெரியும். "பாரசைட்", "அனோரா" போல இரண்டு இடத்திலும் முதலிடம் பிடித்த படங்கள் ரொம்பக் குறைவு.

எவ்வளவு பழசா இருந்தா பழைய தியேட்டர்னு சொல்லலாம்?

இதற்கு வரையறை ஏதும் இல்லை. பிரான்சில் லா சியோத்தா என்ற ஊரில் இருக்கும் ஈடன் அரங்கம் 1889இல் கட்டப்பட்டது. சினிமா பிறப்பதற்கு முன்பே எழுந்த கட்டடம். பழுதுபார்த்து 2013இல் மறுபடியும் திறந்தார்கள். இங்கிலாந்தில் பிரைட்டனில் உள்ள டியூக் ஆஃப் யார்க்ஸ் 1910இல் திறந்தது. லீட்ஸ் நகரின் ஹைட் பார்க் பிக்சர் ஹவுஸ் 1914ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அங்கே அரங்குக்குள் காஸ் விளக்குகள் இன்னமும் இருக்கின்றன.

ஆனால் வயதைவிட நான் பார்ப்பது வேறு. ஒரே திரையா, திரைக்கு முன் திரைச்சீலை இருக்கிறதா, பால்கனி இருக்கிறதா, ஆபரேட்டர் என்று ஒரு ஆள் இருக்கிறாரா? இந்த நான்கில் மூன்று இருந்தால் போதும், கட்டடம் எந்த ஆண்டில் கட்டியதாக இருந்தாலும் சரி.

புதுப் படம் மட்டும் ஏன் இங்க எப்பவும் லேட்டாவே வருது?

திரை ஒன்றுதான் என்பதே காரணம். பெரிய படத்தை முதல் வாரத்திலேயே வாங்க வேண்டுமானால், விநியோகஸ்தர் "இத்தனை வாரம் கட்டாயம் ஓட்ட வேண்டும், எல்லாக் காட்சியும் இதே படம்தான்" என்று நிபந்தனை போடுவார். வசூலிலும் தொடக்க வாரங்களில் அவர் பங்குதான் அதிகம். பத்துத் திரை இருப்பவர் ஒரு திரையை அதற்கு ஒதுக்கிவிட்டு மீதி ஒன்பதில் பிழைத்துக்கொள்வார். ஒற்றைத் திரைக்காரர் கூட்டம் வரவில்லையென்றாலும் அதே படத்தை ஓட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அதனால் அவர் காத்திருப்பார். ஜனவரியில் பரிந்துரைகள் வெளியானதும் பல படங்கள் மறுபடி தியேட்டருக்கு வரும், நிபந்தனைகளும் தளர்ந்திருக்கும். சின்னத் தியேட்டர்களின் நல்ல காலம் அந்த ஆறேழு வாரங்கள்தான். ஒரே வாரத்தில் காலைக்காட்சி ஒரு படம், மாலைக்காட்சி வேறு படம் என்று மாற்றி மாற்றிப் போட முடிவதும் அப்போதுதான்.

அதுக்குள்ள ஓடிடியில வந்துடுதே, அப்புறம் எதுக்குத் தியேட்டர்?

சில படங்களுக்கு நிஜமாகவே தேவையில்லை. பத்துப் படம் பற்றிய பதிலில் சொன்ன ஒளிப்பதிவு, ஒலிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஒன்று கவனியுங்கள். ஓடிடி நிறுவனம் எடுத்த படமே ஆனாலும் தியேட்டரில் ஓடினால்தான் சிறந்த படத்துக்குத் தகுதி. அமெரிக்காவில் குறித்துக் கொடுத்த ஆறு பெருநகரப் பகுதிகளில் ஒன்றில் தொடர்ந்து ஏழு நாள் ஓடியிருக்க வேண்டும். 2024ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து, அதற்கு மேலும் பத்து விநியோகப் பகுதிகளில் ஓட வேண்டும் என்று கூட்டியிருக்கிறார்கள். "கோடா" 2022இல் சிறந்த படமாகத் தேர்வானபோது, ஒரு ஸ்ட்ரீமிங் நிறுவனத்தின் படம் அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல்முறை. எனவே "இது ஓடிடி படம், தியேட்டருக்கு வராது" என்று முன்கூட்டியே முடிவு கட்ட வேண்டாம்.

பழைய தியேட்டர்னா இன்னும் ரீல்தான் ஓட்டுவாங்களா?

பெரும்பாலும் இல்லை. 2010ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் உலகம் முழுக்கத் தியேட்டர்கள் டிஜிட்டலுக்கு மாறிவிட்டன. மாறாதவை பல மூடப்பட்டன. இப்போது படம் டிசிபி என்ற டிஜிட்டல் தொகுப்பாக வருகிறது. 2கே என்றால் படத்தின் அகலம் 2048 புள்ளி, 4கே என்றால் 4096. சின்னத் திரைக்கு 2கே போதும். நாலாவது வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு வித்தியாசம் தெரிகிறது என்று சொல்பவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

சில தியேட்டர்கள் டிஜிட்டல் வந்த பிறகும் 35 எம்எம் அகலப் பிலிமை ஓட்டும் ப்ரொஜெக்டரைக் கழற்றாமல் வைத்திருக்கின்றன. அங்கே எப்போதாவது ரீல் காட்சி இருக்கும். காட்சி அட்டவணையில் "35 எம்எம்" என்று தனியாகப் போட்டிருப்பார்கள். போடவில்லையென்றால் டிஜிட்டல்தான்.

35 எம்எம்ல பார்த்தா படம் நல்லாயிருக்குமா, இல்ல சும்மா பழைய ஞாபகத்துக்கா?

பிரிண்ட்டை, அதாவது தியேட்டருக்கு வரும் பிலிம் பிரதியைப் பொறுத்தது. நல்ல பிரிண்ட், நல்ல விளக்கு, கவனமான ஆபரேட்டர் மூன்றும் அமைந்தால் நிழல்களிலும் தோல் நிறத்திலும் ஒரு செழுமை தெரியும். ஒரு விநாடிக்கு 24 சட்டகம் (பிரேம்) ஓடுகிறது. ஒவ்வொரு சட்டகமும் அசையாமல் நின்று, ஒளி பட்டு, பிறகு நகர்கிறது. இடையில் சுழலும் ஷட்டர் ஒரே சட்டகத்தை இரண்டு முறை காட்டுகிறது, அதனால் கண்ணுக்கு விநாடிக்கு 48 மின்னல். அந்தத் துடிப்பையும் படம் நூலளவு ஆடுவதையும் சிலர் ரசிப்பார்கள். சிலருக்குத் தலை வலிக்கும்.

தேய்ந்த பிரிண்ட் என்றால் டிஜிட்டலே மேல். அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. கீறல் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்காது, ரீலின் தொடக்கத்திலும் முடிவிலும்தான் கூடுதலாக இருக்கும். கை அதிகம் படுவது அங்கேதான்.

படம் ஓடும்போது மேல் மூலையில ஒரு புள்ளி வந்து வந்து போகுது. படத்துல ஏதும் கோளாறா?

கோளாறு இல்லை, அது ஆபரேட்டருக்கான குறி. ஒரு பெரிய ரீல் இரண்டாயிரம் அடி, ஏறக்குறைய இருபது நிமிடம் ஓடும். இரண்டு மணிநேரப் படம் என்றால் ஆறு ரீல். ப்ரொஜெக்டர்கள் இரண்டு. ஒன்றில் முதல் ரீல் ஓடும்போது மற்றதில் இரண்டாவது ரீல் தயாராகக் காத்திருக்கும். ரீல் முடிய எட்டு விநாடி இருக்கும்போது வலது மேல் மூலையில் முதல் புள்ளி வரும், உடனே அவர் இரண்டாவது எந்திரத்தின் மோட்டாரை ஓட விடுவார். முடிய ஒரு விநாடி இருக்கும்போது இரண்டாவது புள்ளி, அப்போது ஒளியையும் ஒலியையும் மாற்றிவிடுவார்.

ஒவ்வொரு புள்ளியும் நாலே சட்டகம், அதாவது விநாடியில் ஆறில் ஒரு பங்கு. ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் ஒவ்வொரு இருபது நிமிடத்துக்கும் கண் தானாக அந்த மூலைக்குப் போகும், அதற்கு நான் பொறுப்பில்லை. எல்லா ரீலையும் ஒட்டிப் பெரிய தட்டில் வைத்து ஒரே மூச்சில் ஓட்டும் முறையும் இருக்கிறது. ஆனால் ஆவணக் காப்பகங்கள் தங்கள் பிரிண்ட்டை வெட்டி ஒட்ட விடமாட்டார்கள், அதனால் பழைய படங்களுக்கு இந்த இரண்டு எந்திர முறைதான்.

பிலிம்ல எடுத்த படம்னு சொல்றாங்க, ஆனா தியேட்டர்ல டிஜிட்டல்ல காட்டுறாங்க. ஏமாத்துறாங்களா?

ஏமாற்று இல்லை. எடுப்பது ஒன்று, காட்டுவது ஒன்று. "அனோரா" 35 எம்எம் பிலிமில் எடுத்த படம். ஆனால் உலகில் பெரும்பாலானோர் அதை டிசிபியில்தான் பார்த்தார்கள். பிலிமின் பொடிப்பொடியான துகள் தன்மையும் (கிரெய்ன்) நிறமும் டிஜிட்டல் பிரதியிலும் ஓரளவு தெரியும், முன் பதிலில் சொன்ன துடிப்பும் ஆட்டமும்தான் இருக்காது.

இதில் சுவாரசியமான கதை விஸ்டாவிஷன். 1954இல் பாராமவுண்ட் என்ற ஹாலிவுட் நிறுவனம் கொண்டுவந்த படப்பிடிப்பு முறை. 35 எம்எம் பிலிமையே படுக்கவைத்து ஓட்டுவார்கள். பிலிமின் ஓரத்தில் வழக்கமாக ஒரு சட்டகத்துக்கு நாலு துளை, இதில் எட்டு. சட்டகம் பெரிதாவதால் படம் துல்லியமாக இருக்கும். சில ஆண்டுகளிலேயே வழக்கொழிந்துபோன இந்தக் கேமராவை "தி ப்ரூட்டலிஸ்ட்" படத்துக்குத் தூசி தட்டி எடுத்தார்கள். 2025இல் ஒளிப்பதிவுக்கான ஆஸ்கரும் வந்தது. அதே ஆண்டு வெளியான "ஒன் பேட்டில் ஆஃப்டர் அனதர்" ஒரு படி மேலே போய், விஸ்டாவிஷன் ப்ரொஜெக்டரிலேயே காட்டப்பட்டது. உலகத்திலேயே நாலு தியேட்டரில்தான். அவற்றில் ஒன்று லாஸ் ஏஞ்சலஸில் 1923இல் திறந்த விஸ்டா, இன்னொன்று பாஸ்டன் அருகே 1933 முதல் சினிமா ஓடும் கூலிட்ஜ் கார்னர். பழைய கட்டடங்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது என்று நான் சொல்லும்போது இதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

எங்க உட்காரணும்? பால்கனியா, கீழயா?

கீழே, நடுவில், முன்னாலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி. இது ஒலிக்காகச் சொல்வது. ஸ்பீக்கர்கள் திரைக்குப் பின்னால் இருக்கின்றன. திரையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் வழியாகத்தான் வசனம் வருகிறது. பால்கனிக்கு அடியில் கடைசி வரிசைகளில் உட்கார்ந்தால் தலைக்கு மேலேயே கூரை வந்துவிடுவதால் ஒலி அமுங்கும். பலர் அங்கேதான் போய் உட்காருகிறார்கள், வெளியே போக வசதி என்று.

பால்கனி என்றால் முதல் வரிசை. பழைய தியேட்டரில் இருக்கை குறுகல், வரிசைகளுக்கு நடுவே இடமும் குறைவு, அதனால் கால் நீளமானவர்கள் நடைபாதை ஓரத்தை எடுப்பது நல்லது.

சப்டைட்டில் படம்னா முன்னால இருக்கறவர் தலைதான் தெரியுது. என்ன பண்றது?

தரை சரிவு குறைவான அரங்குகளில் இது நிஜமான தொல்லை. திரையின் கீழ் ஓரம் மறைந்தால் போவது சப்டைட்டில்தான். இப்படிப்பட்ட அரங்கில் மேலே சொன்ன மூன்றில் இரண்டு கணக்கை விட்டுவிட்டு, பால்கனி முதல் வரிசைக்குப் போய்விடுங்கள். பால்கனி இல்லையென்றால் நடைபாதை ஓரம். முதல்முறை போகிறீர்களென்றால் சப்டைட்டில் தேவைப்படாத படத்தோடு தொடங்கலாம். "ஃப்ளோ" என்ற லாட்வியப் படத்தில் வசனமே கிடையாது. 2025இல் அனிமேஷன் விருது பெற்றது, பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் செய்தது.

திரை முழுக்கப் படம் வரலை, ரெண்டு பக்கமும் கறுப்பா நிக்குது. கம்மியாக் காட்டுறாங்களா?

முழுப் படத்தைத்தான் காட்டுகிறார்கள். ஒவ்வொரு படத்துக்கும் அகல உயர விகிதம் வேறு. 1953இல் சினிமாஸ்கோப் வரும்வரை பெரும்பாலான படங்கள் ஏறக்குறைய சதுரமாக, 1.37க்கு 1 என்ற அளவில்தான் இருந்தன. இன்று வழக்கமானவை 1.85, 2.39 ஆகிய இரண்டும். ஆனால் அண்மையில் விருதுக்குப் போன பல படங்கள் வேண்டுமென்றே குறுகிய சட்டகத்தைத் தேர்ந்தெடுத்திருக்கின்றன: "நிக்கல் பாய்ஸ்" 1.33, "புவர் திங்ஸ்" 1.66.

இங்கேதான் பழைய தியேட்டருக்கு ஓர் அனுகூலம். பழைய திரையின் இரு பக்கமும் கறுப்புத் துணி மறைப்பு இருக்கும். படத்தின் அளவுக்கு ஏற்ப அது நகர்ந்து வந்து நிற்கும். விளக்கு அணைந்ததும் துணி மெதுவாக உள்ளே நகர்ந்து, படம் சரியாக அதன் ஓரத்தில் போய் முட்டும்போது, சாம்பல் நிறப் பட்டை எதுவும் மிச்சமில்லாமல் படம் மட்டும் இருக்கும். பல மல்டிபிளெக்ஸ்களில் இந்த மறைப்பே இல்லை. அங்கே படத்துக்கு இரு பக்கமும் வெளிறிய திரை தெரிந்துகொண்டேயிருக்கும். குறுகிய சட்டகப் படங்களைப் பழைய தியேட்டரில் பாருங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

சவுண்ட் பழைய தியேட்டர்ல சுமாரா இருக்கும்ல?

அதிரும் ஒலி வேண்டுமென்றால் ஆமாம், சுமார்தான். பேசாப் பட காலத்தில் கட்டிய அரங்குகள் பியானோ, ஆர்கன் போன்ற இசைக்காகக் கட்டப்பட்டவை. உயர்ந்த கூரை, பூச்சுச் சுவர், எதிரொலி கூடுதல். வேகமான வசனம் கலங்கிப்போகும். விண்வெளிப் போர்ப் படங்களுக்கு வேறு இடம் பாருங்கள்.

ஆனால் ஒலி என்றால் சத்தம் மட்டும் இல்லையே. 2024இல் ஒலிக்கான ஆஸ்கர் வாங்கியது "தி சோன் ஆஃப் இன்டரெஸ்ட்". மதிலுக்கு அப்பாலிருந்து வரும் தூரத்து ஓசைகளால் நகரும் படம். அதற்குத் தேவை பக்கத்துத் திரையிலிருந்து வெடிச்சத்தம் கசியாத அரங்கம். ஒற்றைத் திரையில் பக்கத்துத் திரை என்பதே இல்லை.

மூன்றரை மணிநேரப் படமாமே, இடைவேளை விடுவாங்களா?

படத்தை எடுத்தவர் வைத்திருந்தால் உண்டு. "தி ப்ரூட்டலிஸ்ட்" மொத்தம் 215 நிமிடம், அதில் 15 நிமிடம் இடைவேளை. அது படத்துக்குள்ளேயே இருக்கிறது, திரையில் நேரம் எண்ணிக்கொண்டே குறையும். மற்ற நீளப் படங்களில் தியேட்டர்காரர் தானாக நிறுத்துவதை விநியோகஸ்தர்கள் பெரும்பாலும் விரும்புவதில்லை. முன்கூட்டியே தியேட்டரில் கேட்டுவிடுங்கள்.

குறும்படம் எல்லாம் எங்க பார்க்கிறது? யாருமே போடறதில்லையே?

போடுகிறார்கள், கவனிப்பவர்கள்தான் குறைவு. பரிந்துரைக்கப்பட்ட குறும்படங்களை அனிமேஷன், கதைப்படம், ஆவணப்படம் என்று மூன்று தொகுப்பாக ஒவ்வோர் ஆண்டும் விழாவுக்கு முன் தியேட்டர்களுக்கு அனுப்புகிறார்கள். 40 நிமிடமோ அதற்குக் குறைவோ இருந்தால் குறும்படம். ஐந்து படத்தை ஒரே உட்காரலில் பார்க்கலாம். ஒன்று பிடிக்காவிட்டால் கொஞ்ச நேரத்தில் அடுத்தது வந்துவிடும். என்னைக் கேட்டால் சின்னத் தியேட்டருக்கு இதைவிடப் பொருத்தமான நிகழ்ச்சி இல்லை.

அனிமேஷன் பிரிவுன்னா குழந்தைகளைக் கூட்டிட்டுப் போகலாம்தானே?

தணிக்கைச் சான்றிதழைப் பார்க்காமல் போகாதீர்கள். "ஃப்ளோ" போட்டியிட்ட அதே ஐந்தில் "மெமாயர் ஆஃப் எ ஸ்னெய்ல்" என்ற பெரியவர்களுக்கான படமும் இருந்தது. குறும்பட அனிமேஷன் தொகுப்புக்கும் இதே எச்சரிக்கை.

பன்னிரண்டு பரிந்துரை வாங்கின படம் ஒண்ணே ஒண்ணுதான் ஜெயிச்சுது. மூணு வாங்கின படம் சிறந்த படமாச்சு. இது எப்படி?

2022ஐத்தான் சொல்கிறீர்கள். "தி பவர் ஆஃப் தி டாக்" 12 பரிந்துரை, கிடைத்தது இயக்கத்துக்கு மட்டும். "கோடா" மூன்றே பரிந்துரை, மூன்றும் கிடைத்தது, அதில் ஒன்று சிறந்த படம்.

மற்றப் பிரிவுகளில் ஆளுக்கு ஓர் ஓட்டு, அதிகம் வாங்கியது வெல்லும். சிறந்த படத்தில் மட்டும் பத்துப் படங்களையும் ஒன்றிலிருந்து பத்து வரை வரிசைப்படுத்த வேண்டும். முதலிடம் கொடுத்தவர்கள் எண்ணிக்கையில் எந்தப் படமும் பாதியைத் தாண்டவில்லையென்றால், கடைசியில் இருக்கும் படத்தை நீக்கிவிட்டு, அதற்கு முதலிடம் கொடுத்தவர்களின் சீட்டுகளை அவர்களுடைய அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். ஒரு படம் பாதியைத் தாண்டும்வரை இது தொடரும். ஆகவே சிலர் கொண்டாடி, சிலர் வெறுத்து ஒன்பதாவது இடத்தில் தள்ளிய படத்தைவிட, எல்லோரும் இரண்டாவது மூன்றாவது இடத்தில் வைத்த படத்துக்கு வாய்ப்பு அதிகம். பரிந்துரை எண்ணிக்கையை வைத்து வெற்றியை ஊகிக்காதீர்கள். நல்ல படத்தையும் ஊகிக்காதீர்கள்.

விருது கொடுக்கறதுக்கு முன்னாடி பார்க்கணுமா, அப்புறமா?

முன்னாடி. வென்றபின் பார்த்தால் "இதற்கா கொடுத்தார்கள்?" என்ற கேள்வியோடு உட்காருவீர்கள், படம் பார்ப்பது போய் தீர்ப்பை மறுவிசாரணை செய்வதாகிவிடும். பரிந்துரை வந்த பிறகு, விழாவுக்கு முன், வாரநாள் காட்சியாகப் பாருங்கள். வென்ற மறுநாளிலிருந்து கூட்டம் கூடிவிடும்.

படம் மங்கலாத் தெரிஞ்சா, இல்ல நடுவுல நின்னுட்டா, யார்கிட்ட சொல்றது?

முதல் சில நிமிடங்களுக்குள்ளேயே எழுந்துபோய் வாசலில் நிற்கும் ஆளிடம் சொல்லுங்கள். சின்னத் தியேட்டரில் ஆபரேட்டர் வேறு வேலையும் பார்த்துக்கொண்டிருக்கலாம், கீழே இருப்பவர்கள் சொன்னால்தான் தெரியும். எல்லோரும் "வேறு யாராவது சொல்வார்கள்" என்று உட்கார்ந்திருப்பதால்தான் இரண்டு மணிநேரமும் மங்கலாகவே ஓடுகிறது.

அப்படி நின்னுட்டா, ராத்திரி இன்னொரு ஷோ போட்டுக் காட்டலாமே? படம் அவங்ககிட்டதானே இருக்கு?

இருக்கிறது, பூட்டியிருக்கிறது. டிசிபி தொகுப்பு வந்து சேர்ந்தாலும் அதைத் திறக்கும் டிஜிட்டல் சாவி தனியாக வரும். அந்தச் சாவி குறிப்பிட்ட தியேட்டரின் குறிப்பிட்ட எந்திரத்துக்கு மட்டும்தான் பொருந்தும். எந்தத் தேதி, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம்வரை செல்லும் என்பதும் அதிலேயே எழுதியிருக்கும். நேரம் தாண்டினால் தொகுப்பு திறக்காது. சாவியின் நேரத்துக்குள் இருந்தாலும், எத்தனை காட்சி என்பதற்கு விநியோகஸ்தரிடம் ஒப்புதல் வேண்டும். தாமதமாக வருவது பற்றிய பதிலில் சொன்ன அதே நிபந்தனைகள்தான். எனவே தியேட்டர்காரர் மறுத்தால் பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், அது நியாயம்.

ஆபரேட்டர் ரூமை உள்ள போய்ப் பார்க்க விடுவாங்களா?

கேட்டால் பல இடங்களில் விடுவார்கள். கடைசிக் காட்சி முடிந்த பிறகு கேளுங்கள், இரண்டு காட்சிக்கு நடுவில் வேண்டாம். பழைய அறை என்றால் சுவரின் தடிமனைக் கவனியுங்கள். 1950களின் தொடக்கம்வரை பிலிம் நைட்ரேட்டில் செய்யப்பட்டது, தீப்பிடித்தால் காற்றில்லாமலும் எரியும். அதனால் அறை தீ தாங்கும்படி கட்டப்பட்டது. அரங்கைப் பார்க்கும் சின்ன ஜன்னல்களுக்கு மேலே இரும்புக் கதவுகள் தொங்கும். சூட்டில் உருகும் இணைப்பு அறுந்ததும் கதவு தானாக விழுந்து அடைத்துக்கொள்ளும். பல இடங்களில் அந்தக் கதவுகள் பெயின்ட் அடித்தபடி இன்னும் தொங்குகின்றன.

பிலிமைக் கையில் கொடுத்தால் ஓரத்தை மட்டும் பிடியுங்கள். ப்ரொஜெக்டரின் விளக்குப் பெட்டிக்குள் இருப்பது செனான் விளக்கு. அணைந்து ஆறியிருக்கும்போதும் உள்ளே அழுத்தம் இருக்கும், வெடிக்கலாம். அதை மாற்றும்போது ஆபரேட்டர்களே முகக்கவசம் போட்டுக்கொள்வார்கள். பெட்டி திறந்திருந்தால் எட்டிப் பார்க்காமல் தள்ளியே நில்லுங்கள்.